ஏ.சி. இல்லாத காரில் ஏ.சி. பம்ப்!



எங்க தாத்தா வீட்டில் 1986ஆம் வருஷத்து அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சி.சி. என்ஜின். நம்மில் பலர் அதைப் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்போம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து 1958 முதல் மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். 2014இல் நிறுத்திவிட்டார்கள். தாத்தாவோ இன்னும் நிறுத்தவில்லை!

போன கோடை விடுமுறையில் அந்தக் காரின் பெட்ரோல் பம்பை நானும் மாமாவும் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றினோம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம் தீர்ப்போம். மெக்கானிக்குகள் இதை "ஏ.சி. பம்ப்" என்பார்கள். "கார்ல ஏ.சி.யே இல்லையே, அதுக்கு எதுக்கு பம்ப்?" என்று நான் கேட்டதற்கு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். குளிர்சாதனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஏ.சி. என்பது இந்த மாதிரி பம்புகளைச் செய்த கம்பெனியின் பெயர். அதை ஆரம்பித்த ஆல்பர்ட் சாம்பியன் என்பவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் அவை. அவர் ஒரு சைக்கிள் பந்தய வீரராம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் டேங்க் காரின் பின்னால் இருக்கிறது. கார்பரேட்டர் முன்னால், என்ஜின் மேல் இருக்கிறது. பெட்ரோல் தானாக மேலே ஏறாது அல்லவா? அதை இழுத்துக் கொடுப்பதுதான் இந்தப் பம்பின் வேலை. இதற்கு கரண்ட் வேண்டாம். என்ஜினின் பக்கவாட்டில் இரண்டு நட்டு போட்டு மாட்டியிருப்பார்கள். இதன் நெம்புகோல் ஒன்று என்ஜினுக்குள் நீட்டிக்கொண்டு போய் கேம் ஷாஃப்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேம் சுற்றும்போது அதன் மேடு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல், டயாபிராம் என்ற ரப்பர் ஜவ்வைக் கீழே இழுக்கும். உடனே பம்புக்குள் அழுத்தம் குறைந்து டேங்க்கிலிருந்து பெட்ரோல் வரும். பிறகு ஸ்பிரிங் ஜவ்வை மேலே தள்ளும், பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். வந்த வழியே திரும்பாமல் இருக்க இரண்டு சின்ன வால்வுகள். நம்ம தெருவில் இருக்கும் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள், தத்துவம் ஒன்றுதான். என்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றினால் கேம் 1000 சுற்று. ஆக ஜவ்வு நிமிஷத்துக்கு 1000 தடவை ஏறி இறங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று சொல்கிறேன். கார்பரேட்டர் நிறைந்துவிட்டால் அங்கே ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெட்ரோல் போக வழியில்லாததால் ஜவ்வு கீழேயே நின்றுவிடும். நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறைந்தால் மறுபடி ஜவ்வு வேலையைத் தொடங்கும். சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை, "போதும்" என்றால் நின்றுவிடுகிறது. பந்தியில் என் தம்பிக்குக்கூட இது தெரியாது!

இனி எங்கள் வீட்டுக் கதை. போன மார்ச் மாதத்திலிருந்தே கார் வெயிலில் நின்று நின்று போயிற்று. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "பம்ப் சூடாகுது, ஈரத்துணி போடுங்க" என்றார். இது பழைய கார்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். இதில் உண்மையும் உண்டு. அழுத்தம் குறைந்தால் திரவத்தின் கொதிநிலை குறையும் என்று இயற்பியல் சார் நடத்தினார், ஞாபகம் இருக்கிறதா? பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் அழுத்தம் குறைவு. அதோடு என்ஜின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப் அமுக்க அமுக்க அது சுருங்கி விரியுமே தவிர நகராது. ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது மண்பானை மாதிரி பம்ப் குளிரும், பெட்ரோல் மறுபடி ஓடும். ஆனால் இது சூட்டினால் வந்த கோளாறுக்கு மட்டும்தான்.

துணி போட்டுப் போட்டு ஒன்றரை மாதம் ஓட்டினார்கள். இதற்கிடையில் தாத்தாவுக்கு ஒரே பெருமை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு, "பாத்தியாடா, இத்தனை வருஷ வண்டி, சொட்டு ஆயில் குடிக்கல!" என்பார். கோடு வரைக்கும் ஆயில் அப்படியே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. வியாழக்கிழமை அம்மாச்சிக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன். காரை நம்பித்தான் இருந்தோம். தாத்தா ஈரத்துணியோடு ஓடி வந்தார். மாமா, "ராத்திரி பூரா குளுந்துபோய் நிக்கிற வண்டிக்கு ஈரத்துணி எதுக்கு மாமா?" என்றார். (மாமா எங்க அத்தையின் கணவர் இல்லை, அம்மாவின் தங்கையைக் கட்டியவர். என்னை மகனேன்னுதான் கூப்பிடுவார். சித்தப்பா என்று கூப்பிட வேண்டியவரை நான் சின்ன வயதிலிருந்தே மாமா என்று பழகிவிட்டேன்.) அவர் சொன்னது நியாயம். சூட்டுக் கோளாறு என்றால் ஆறியதும் சரியாக வேண்டும்.

இருந்தாலும் உடனே பம்பின்மேல் பழி போட மாமா விடவில்லை. "மகனே, முதல்ல சின்ன சின்ன காரணத்தைப் பாரு" என்றார். டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தோம், ஏனென்றால் அந்த முள் பொய் சொல்லும். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம். காற்று உள்ளே போக வழியில்லாமல் அடைத்திருந்தால் பெட்ரோல் வராது. பிறகு ரப்பர் குழாய்கள். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் ஊசித்துளை இருந்தாலும் போதும், ஓட்டை ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பது போலத்தான், காற்றுதான் வரும். கஷ்டம் என்னவென்றால் அங்கே வெளியில் சொட்டவே சொட்டாது. அதனால் விரலால் தடவி, மடக்கிப் பார்த்து வெடிப்பைத் தேட வேண்டும். எங்களுடையது நன்றாக இருந்தது.

கடைசியாகத்தான் பம்ப். கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டோம். செல்ஃப் அடித்துப் பார்க்கலாம், ஆனால் தீப்பொறி ஆபத்து. எங்கள் பம்பில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்பு இருந்தது. அதை அடித்தேன், தொளதொளவென்று ஆடியது. "போச்சு" என்றேன். மாமா, "அவசரப்படாதே" என்றார். கேமின் மேடு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தால் நல்ல பம்பும் அப்படித்தான் ஆடுமாம். டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, என்ஜினை ஒரு சுற்று சுற்ற வைத்தோம். கேம் அரைச் சுற்று சுற்றி, மேடு எதிர்ப்பக்கம் போய்விட்டது. இப்போது அடித்தால் கையில் ஸ்பிரிங் தெரிந்தது, ஆனால் பாட்டிலில் இரண்டு சொட்டுதான். கச்சிதமாகத் தெரிந்துவிட்டது, பம்ப்தான்.

அப்போதுதான் மாமா ஆயில் குச்சியை உருவினார். மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசம்! கோடு வரைக்கும் இல்லை, கோட்டுக்கு மேலேயே இருந்தது. ஜவ்வு கிழிந்தால் பெட்ரோல் பம்பின் அடியில் உள்ள துளை வழியாகச் சொட்டும், அல்லது நெம்புகோல் போகும் வழியிலேயே என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். எங்களுக்கு நடந்தது இரண்டாவது. என்ஜின் கொஞ்சம் ஆயில் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பியிருக்கிறது! தாத்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராகிவிடும், பேரிங்குகளுக்கு நடுவில் நிற்காது, உலோகமும் உலோகமும் உரசும். என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவி வேறு நிறைந்திருக்கும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு அதே ஆயிலில் மதுரை வரை போயிருந்தால் நடுவழியில் என்ஜினே பிடித்திருக்கலாம், அம்மாச்சியும் வண்டிக்குள் இருந்திருப்பார்.

கழற்றுவதற்கு முன் மாமா செய்த ஏற்பாடுகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து அடுப்படிக்கே போகும். அதனால் காரை அடுப்படிப் பக்கத்திலிருந்து தள்ளி வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோனோம். என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றினோம். பக்கத்தில் இரண்டு வாளி மணல். தண்ணீர் ஏன் இல்லை? பெட்ரோல் தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும். சுருட்டோடு வந்த தாத்தாவை மாமா கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் தாத்தாவை யாரும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை!

டேங்க் பக்கத்துக் குழாயைக் கழற்றியதும் அதன் வாயில் சுத்தமான போல்ட் ஒன்றைச் செருகினோம், இல்லாவிட்டால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கும். எந்தக் குழாய் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் குறித்தேன். மாற்றி மாட்டினால் வால்வுகள் எதிராக நின்று ஒரு சொட்டும் போகாது. பிறகு இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பம்ப் சாய்ந்த மாதிரி வெளியே வந்தது. பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தது, பிளேடால் சுரண்டினோம். சுரண்டும்போது துண்டு உள்ளே விழாமல் இருக்க ஓட்டையில் துணி அடைத்தோம். (துணியை எடுக்க மறக்கக் கூடாது! நான் மறந்தேன், மாமா எடுத்தார்.) பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் தடித்த கட்டை ஒன்று இருந்தது. சூடு ஏறாமல் இருக்கவும், நெம்புகோல் சரியான தூரத்தில் நிற்கவும் அது வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஜவ்வை மட்டும் மாற்ற கிட் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் எங்கள் பம்பில் நெம்புகோலின் ஆணியே தேய்ந்திருந்தது. மாமா பஸ் ஏறிப் போய் புதுப் பம்பே வாங்கி வந்துவிட்டார். வாங்கும்போது எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் ஜவ்வா என்று கேட்டாராம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

மாட்டும்போது ஒரே ஒரு இடத்தில்தான் உயிர் போனது. நெம்புகோல் கேமின்மேல் சரியாக உட்கார வேண்டும். பக்கவாட்டில் நழுவி நின்றாலும் வெளியிலிருந்து தெரியாது. நெம்புகோலில் ஆயில் தடவி, உள்ளே விட்டு, கையாலேயே அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாதிரி மெத்தென்று எதிர்த்தால் சரி. கல் மாதிரி முட்டினால் தப்பு. முட்டும்போது நட்டை முறுக்கி இழுத்தால் நெம்புகோல் உடைந்துவிடும். எங்களுக்கு மூன்றாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது.

பிறகு ஆயில். சம்ப்பின் அடித்திருகைக் கழற்றினோம், தேன் மாதிரி வர வேண்டியது ரசம் மாதிரி கொட்டியது. ஃபில்டரையும் மாற்றி, சுமார் 4 லிட்டர் புது ஆயில் ஊற்றினோம். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தோம்.

பேட்டரி மாட்டுவதற்கு முன்பு, கை நெம்பை இருபது முப்பது தடவை அடித்தேன். முதலில் கையில் ஸ்பிரிங் தெரிந்தது, திடீரென்று லேசாகிவிட்டது. கார்பரேட்டர் "போதும்" என்று சொல்லிவிட்டது! எல்லா இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. சிந்தியதெல்லாம் காயும்வரை காத்திருந்தோம். அதன் பிறகுதான் வயரை மாட்டி மாமா சாவியைத் திருப்பினார். இரண்டாவது தடவையில் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மாமா ஆயில் குச்சியை மோந்து பார்த்தார். இப்போது தாத்தாவும் மோந்துதான் பார்க்கிறார்.

பழைய பம்பைப் பிரித்து இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓர மேஜையில் வைத்திருக்கிறேன். சாரிடம் கேட்டுவிட்டு நெம்புகோலை அமுக்கிப் பாருங்கள், வால்வுகள் தெரியும். ஜவ்வை வெளிச்சத்தில் பிடித்தால் நடு வட்டத்தின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கும். பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள், இன்னும் பெட்ரோல் வாசம் போகவில்லை.

- பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்