நாலு பாம்புக்குத்தான் அந்த ஊசி

பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாகக் குறைக்கப்போவதாக 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசிய செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை 'கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்' ஆக்கியது. சிலமலை, போடிப் பக்கத்து வாசகர்கள் பலர் அதை, இனி எந்தப் பாம்பு கடித்தாலும் மருந்து உண்டு என்று புரிந்துகொண்டு எழுதுகிறார்கள்.

அந்த அறிவிப்பு சொல்வது ஒன்றுதான்: கடிபட்டு வருவோரை அரசு, தனியார் மருத்துவமனைகள் பதிந்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கு வரும், மருந்து தானாக வராது. கணக்கும் அவசியம்தான். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 இந்தியர்கள் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. அரசுப் பதிவேட்டில் ஏறியது அதில் சிறு பங்கு.

'பாலிவேலன்ட்' (பல நஞ்சுக்கானது) என்று பெருமையாகச் சொல்லப்படும் நஞ்சுமுறிவு ஊசி நாலே பாம்புக்கானது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இவற்றின் நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நஞ்சில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழு ஆதாரத்துடன் காட்டியிருக்கிறது. கடலோரப் பாம்பை வைத்துச் செய்த மருந்து மலையடிவாரத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்ற கேள்விக்கு அதிகாரிகள் நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

போடிமெட்டுக்கு மேலே சிக்கல் இன்னும் பெரிது. ஏலச்செடியின் சரம் தூரை ஒட்டித் தரையோடு ஓடும். காய் எடுக்கும் பெண்கள் குனிந்து சருகுக்குள் கைவிட்டாக வேண்டும். அதே சருகின் நிறத்தில், மூக்குநுனி மேலே தூக்கிய குழிவிரியன் படுத்திருக்கும். ஒரு முழம் இருந்தால் பெரிது. சுருட்டைவிரியன் என்று தவறாகவே பலமுறை அடையாளம் காணப்படுகிறது. இதன் நஞ்சுக்கு இந்தியாவில் முறிவு மருந்து கிடையாது. ரத்தம் உறையாமல் போகலாம். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகும்.

ரத்தம் உறையாததைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை மிக எளியது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் நஞ்சு உறைபொருளைத் தின்றுவிட்டது. உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றும். முதல் சோதனையில் உறைந்துவிட்டதென்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மருந்து ஏற்றியபின் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கல்லீரல் உறைபொருளைப் புதிதாகச் சுரக்க அவ்வளவு நேரமாகும். சுற்றுச் சுற்றாக ஏற்றியும் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால், கடித்தது இந்த நாலில் ஒன்றுதானா என்று மருத்துவர் சந்தேகிக்க வேண்டும். பொருந்தாத மருந்தை மேலும் ஏற்றினால் ஒவ்வாமை ஆபத்துதான் மிச்சம்.

வெளிநாட்டுப் புது மருந்துகள் வந்துவிட்டனவே என்று கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவால் வடிவமைத்த புரதங்களும், மே மாதம் பலமுறை கடிபட்ட ஓர் அமெரிக்கரின் ரத்தத்திலிருந்து உருவாக்கிய கலவையும் செய்தியாயின. இரண்டும் சோதிக்கப்பட்டவை எலிகளில். குறிவைத்தவை நாகப்பாம்பு வகையை. விரியனுக்கு இவை இன்னும் வரவில்லை.

கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டலாமா? கூடாது.

கீறி உறிஞ்சினால்? புண்தான் பெரிதாகும்.

பாம்பை அடித்து எடுத்துவர வேண்டுமா? வேண்டாம், தூர நின்று எடுத்த செல்போன் படம் போதும்.

வலியும் வீக்கமும் இல்லையென்றால்? கட்டுவிரியன் கடியில் அப்படித்தான் இருக்கும், உடனே கிளம்புங்கள்.

கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா? நஞ்சேறியிருந்தால் போட்டே ஆக வேண்டும்.

செலவு? அரசு மருத்துவமனையில் இலவசம், 108-ஐ அழையுங்கள்.

போடி அரசு மருத்துவமனையானாலும் க.விலக்கு மருத்துவக் கல்லூரியானாலும், கடித்த நேரத்தோடு 'ஏலத்தோட்டத்தில் கடித்தது' என்பதையும் முதலிலேயே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.