பாலைவன மலைகளில் பாம்பு தேடும் பயணம்: கூடாரம் கட்டும் முன் திட்டமிட வேண்டியவை என்னென்ன?

ஜோத்பூர்: காட்டுயிர் சுற்றுலா என்றதும் புலி, யானை, பறவை ஆகியவையே பெரும்பாலோரின் நினைவுக்கு வரும். ஆனால், பாம்புகளை அவற்றின் வாழிடத்திலேயே கண்டு, படம்பிடித்து, பதிவு செய்து திரும்ப விரும்புவோரும் நாட்டில் உள்ளனர். அத்தகையோருக்கு மேற்கு ராஜஸ்தானின் பாறைக் குன்றுகளும் மணல் வெளிகளும் தனி ஈர்ப்புடைய நிலம். பாம்பைக் கண்டுபிடிப்பதற்கான திட்டம் அங்கு எளிது. மருத்துவமனையை உரிய நேரத்தில் அடைவதற்கான திட்டமே கடினமானது. ஒவ்வொரு முடிவையும் அதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான காரணத்தை விளக்குகிறது இத்தொகுப்பு.

எங்கே இருக்கின்றன பாலை மலைகள்?

குஜராத்தில் தொடங்கி டெல்லி வரை சுமார் 670 கிலோ மீட்டர் நீளும் ஆரவல்லி, உலகின் மிகப் பழமையான மலைத்தொடர்களுள் ஒன்று. அதன் உயரமான சிகரம் மவுண்ட் அபுவில் உள்ள குரு சிகர். உயரம் 1,722 மீட்டர். இத்தொடரின் மேற்குச் சரிவைத் தாண்டினால் தார் பாலைவனம் விரிகிறது. ஜாலோர், சிவானா, ஜவாய் ஆகிய பகுதிகளில் மணலுக்கும் முட்புதருக்கும் நடுவே பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. பாறையின் பிளவும் மணலின் வளையும் ஒரே இடத்தில் கிடைப்பதால், மலையில் வாழும் பாம்பும் மணலில் வாழும் பாம்பும் இங்கு அருகருகே காணப்படுகின்றன.

எந்தெந்தப் பாம்புகள்?

முதலில் குறிப்பிட வேண்டியது சுருட்டை விரியன். உள்ளூர் மக்கள் இதை 'பாண்டி' என்கின்றனர். தென்னிந்தியாவில் காணப்படும் சுருட்டை விரியனைவிட, வடமேற்கில் வாழும் இதன் துணையினம் உடல் அளவில் பெரியது. உடலைச் சுருட்டிக்கொண்டு, ரம்பம் போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்பும். தளர்ந்த மணலில் பக்கவாட்டில் நகரும். கண்கள் மட்டும் வெளியே தெரிய மணலுக்குள் புதைந்து கிடப்பதும், முட்புதரின் மேல் ஏறிக் கிடப்பதும் இதன் இயல்பு.

இரண்டாவது, சிந்து கட்டுவிரியன். ராஜஸ்தான் கிராமங்களில் இதன் பெயர் 'பீவணா'. உறங்குபவரின் மூச்சை இப்பாம்பு குடித்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது; தரையில் உறங்குவோரைக் கடிக்கும்போது பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருப்பதில்லை; கடித்த தடமும் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் இமைகள் சரிந்து, தசைகள் செயலிழந்து, மூச்சு நிற்கிறது. காயமே இல்லாமல் மூச்சு நின்றதைக் கண்ட மக்கள், பாம்பு மூச்சைக் குடித்ததாகக் கருதியதில் வியப்பில்லை.

நல்ல பாம்பும், ஆரவல்லியை ஒட்டிய பகுதிகளில் கண்ணாடி விரியனும் உள்ளன. மண்ணுளிப் பாம்பு, மலைப்பாம்பு, சாரைப் பாம்பு, மணலில் விரைந்தோடும் மெல்லிய மணற்பாம்பு வகைகள் ஆகியவற்றால் மனிதருக்கு விஷ ஆபத்து இல்லை.

எப்போது செல்வது?

பாம்புகள் தங்கள் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுகின்றன. எனவே கடும் வெயிலும் கடும் குளிரும் அவற்றுக்கு ஒவ்வாதவை. ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 2016 மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அத்தகைய கோடையில் பகல் முழுவதும் பாம்புகள் வளைக்குள்ளேயே இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிரிரவுகளிலும் அவற்றைக் காண்பது அரிது.

தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையிலான காலமே ஏற்றது. மழைக்குப் பின் பூச்சிகளும் தவளைகளும் எலிகளும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பாம்புகளும் வெளிவருகின்றன. சூரியன் மறைந்த பின் வரும் முதல் மூன்று, நான்கு மணி நேரம் பயனுள்ள தேடலுக்கு உரியது.

ஆனால், இதே காலத்தில்தான் உழவர்களும் ஆடு மேய்ப்போரும் அதிக அளவில் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். கிராமப்புற மருத்துவமனைகளின் படுக்கைகளும் மருந்துக் கையிருப்பும் நெருக்கடிக்கு உள்ளாகும் பருவமும் இதுவே என்பதைப் பயணிகள் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 'வேட்டை' என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பது, பொறிவைப்பது, விரட்டுவது, இரை காட்டி ஈர்ப்பது ஆகியவையும் அதில் அடங்கும். எனவே, படம் எடுப்பதற்காகப் பாம்பைக் கொக்கியால் தூக்குவதும், பையில் அடைத்து முகாமுக்குக் கொண்டு வருவதும் சட்டச் சிக்கலுக்கு இட்டுச் செல்லும். பாம்பு கிடக்கும் இடத்திலேயே, அது இருக்கும் நிலையிலேயே பார்ப்பது மட்டுமே சுற்றுலாப் பயணிக்கு உரியது.

சரணாலயங்களுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை; இரவில் விருப்பம்போல் நடமாட முடியாது. ஜெய்சல்மேர், பார்மர் மாவட்டங்களில் பன்னாட்டு எல்லையை ஒட்டிய பகுதிகளுக்குச் செல்லவும் முன் அனுமதி அவசியம். நள்ளிரவில் விளக்குகளுடன் அலைவோர் அங்கு பாதுகாப்புப் படையினரின் விசாரணைக்கு உள்ளாவது இயல்பே. வனப் பகுதிக்கு வெளியே உள்ள கிராம மேய்ச்சல் நிலங்களையும், 'ஓரண்' எனப்படும் கோயில் காடுகளையும் பயன்படுத்த விரும்பினால், ஊராரிடம் சொல்லி இசைவு பெறுவதே முறை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்வது மொழிக்கும் வழிக்கும் ஒருசேர உதவும்.

முகாம் எங்கே அமைப்பது?

பாலைவனத்தில் மழைக்காலத்தின் முதல் எதிரி வெள்ளம். வறண்ட ஓடைப் படுகை சமதளமாகவும் மென்மணலாகவும் இருப்பதால் கூடாரம் அமைக்க ஏற்றதாகத் தோன்றும். ஆனால், தொலைவில் உள்ள குன்றில் பெய்யும் மழை, முகாமில் ஒரு துளி விழாத நிலையிலும் அப்படுகையை நிரப்பிவிடும். 2006 ஆகஸ்ட் மாதம் பார்மர் மாவட்டத்தில் பெய்த பெருமழையில் கவாஸ் உள்ளிட்ட ஊர்கள் நீரில் மூழ்கின. பலர் உயிரிழந்தனர். பாலைவனம்தானே என்ற அலட்சியம் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

மேடான, புதர் இல்லாத, பாறைக் குவியலிலிருந்து விலகிய இடமே முகாமுக்கு ஏற்றது. அடித்தளம் இணைத்துத் தைக்கப்பட்டு, முழுமையாக ஜிப் மூடக்கூடிய கூடாரம் கட்டாயம். கூடாரம் இல்லையெனில், கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி உறங்க வேண்டும். தரையில் விரித்துப் படுப்பது கட்டுவிரியன் வாழும் நிலத்தில் பேராபத்து. உணவுக் கழிவுகளைச் சுற்றிலும் வீசினால் எலி வரும். எலியைத் தொடர்ந்து பாம்பு வரும். காலணிகளை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிய பின்னரே அணிய வேண்டும். தேள்களுக்கும் அவை விருப்பமான மறைவிடம். ஜாலோர் பகுதிக் குன்றுகளில் கரடியும், ஜவாய் குன்றுகளில் சிறுத்தையும் இருப்பதால் தனியாகச் செல்வது தவறு. குழுவில் குறைந்தது நான்கு பேரும், இயன்றால் இரண்டு வாகனங்களும் இருப்பது நல்லது.

தேடும்போது கவனிக்க வேண்டியவை

கணுக்காலுக்கு மேல் உயர்ந்த தடித்த காலணி, தளர்வான முழுக்கால் சட்டை, ஒவ்வொருவருக்கும் தனி டார்ச், மாற்று பேட்டரி ஆகியவை அடிப்படைத் தேவைகள். குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. உப்பு - சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் கையிருப்பில் வேண்டும்.

பார்வை எட்டாத இடத்தில் கையோ காலோ வைக்கக் கூடாது என்பதே முதன்மை விதி. பாறையிலிருந்து இறங்குமுன் அதன் அடிப்பகுதியை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். வளைக்குள் கைவிடுதல், கல்லைப் புரட்டுதல், இருட்டில் விறகு பொறுக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பாம்பைக் கண்டால் இரண்டு மீட்டருக்குக் குறையாத தொலைவில் நின்று, தொலைநோக்கு லென்ஸ் மூலம் சில படங்கள் மட்டும் எடுத்து விலகுவது இருவருக்கும் நன்மை. பகல் வெப்பம் தங்கிய தார்ச்சாலைகளில் இரவில் பாம்புகள் படுத்திருக்கும் என்பதால், வாகனத்தை மெதுவாக ஓட்டுவது அவசியம்.

தெற்கின் விஷம், மேற்கின் கடி

இந்தியாவில் பாம்புக்கடிக்குத் தரப்படும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. விஷம் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. இதற்கான விஷத்தில் பெரும்பகுதியை வழங்குவது தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு முதல் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அரசு அனுமதியுடன் பிடிக்கப்படும் பாம்புகள், சில வாரங்கள் விஷம் எடுக்கப்பட்ட பின் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன.

நாட்டில் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் இடைவெளி உண்டு. பாம்பின் விஷம் இனத்துக்கு இனம் மட்டுமன்றி, இடத்துக்கு இடமும் மாறுபடுகிறது. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மேற்கு இந்தியாவின் சிந்து கட்டுவிரியன், வடமேற்குச் சுருட்டை விரியன் உள்ளிட்டவற்றின் விஷத்துக்கு எதிராகச் சந்தையில் உள்ள மருந்துகளின் திறன் போதுமானதாக இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. மேற்கு ராஜஸ்தான் மருத்துவர்களும், சுருட்டை விரியன் கடித்த சிலருக்கு மருந்து செலுத்திய பின்னும் ரத்தம் உறையாமல் நீடிப்பதைப் பதிவு செய்துள்ளனர்.

இதன் பொருள் மருந்து பயனற்றது என்பதன்று. இப்போது கையிலிருக்கும் ஒரே சிகிச்சை அதுவே. உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் காக்கும். ஆனால், மருந்தோடு ரத்தப் பொருள்களும், செயற்கைச் சுவாசக் கருவியும், தொடர் கண்காணிப்பும் உள்ள மருத்துவமனை தேவைப்படலாம். ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் சுமார் 280 கிலோ மீட்டர். முகாமிலிருந்து முதன்மைச் சாலை வரை மணல் வழியில் செல்லும் நேரம் தனி.

விஷமுறிவு மருந்தைக் கையோடு எடுத்துச் செல்வது தீர்வாகாது. நரம்பு வழியே பல குப்பிகள் செலுத்தப்பட வேண்டிய மருந்து அது. கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வை இன்றிச் செலுத்தக் கூடாது. மாறாக, புறப்படும் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருந்து இருப்பு, இரவுப் பணி மருத்துவர், செயற்கைச் சுவாச வசதி ஆகியவற்றைக் கேட்டறிந்து, இரவில் அங்கு செல்ல ஆகும் நேரத்தையும் கணக்கிட்டு வைக்க வேண்டும். அந்த நேரம் மிக நீண்டதாக இருந்தால், முகாமின் இடத்தை மாற்றுவதே அறிவுடைமை.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, கடித்த கை அல்லது காலில் கட்டை வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் தளர்வாகக் கட்ட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், காலணி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே வாகனத்தில் ஏற்ற வேண்டும். 108 அல்லது 112 எண்ணை அழைக்கலாம். ஆனால், சிக்னல் கிடைக்காத இடத்தில் காத்திருப்பது காலவிரயம்.

இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் ஆகியவை தீங்கையே தரும். பாம்பைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதில்லை. நோயாளியின் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர்கள் சிகிச்சை அளிப்பர். வலி இல்லை என்பதால் கடியே இல்லை என்று கருதவும் கூடாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமைச்சரிவு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை தோன்றினால் கட்டுவிரியன் கடியாக இருக்கலாம்.

ராஜஸ்தானில் கோகாஜி, தேஜாஜி ஆகியோரைப் பாம்புக்கடியிலிருந்து காக்கும் தெய்வங்களாக மக்கள் போற்றுகின்றனர். அந்த வழிபாடு பாம்பைக் கொல்லாமல் விடும் மரபுக்கும் துணைநிற்கிறது. எனினும், கடிபட்டவரை முதலில் கொண்டு செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே.

திரும்பிய பின்னரும் பொறுப்பு உண்டு

மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை என்றும், அதை வைத்திருந்தால் செல்வம் சேரும் என்றும் பரவிய மூடநம்பிக்கையால் அது நாடெங்கும் கடத்தப்படுகிறது. எனவே, படங்களைச் சமூக ஊடகத்தில் பகிரும்போது துல்லியமான இடத்தை வெளியிடாமல் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் உயிரிழந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். இந்த இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024-இல் வெளியிட்டது. பயணி சில இரவுகளுக்கு மட்டும் ஏற்கும் ஆபத்தை, ஜாலோரின் உழவரும் பார்மரின் மேய்ப்பரும் ஆண்டு முழுவதும் எதிர்கொள்கின்றனர். பயணத்துக்கு முன் ஒரு முறை மருத்துவமனையில் விசாரித்துப் பார்ப்பவருக்கு, பாம்பைக் காணும் முன்பே அந்த மக்களின் நிலை விளங்கிவிடும்.