எரிமலைச் சாம்பல் காட்டு மண்

எரிமலைச் சாம்பல் காட்டு மண் என்பது, எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல், நுரைக்கல் முதலிய துகள்கள் மலைச்சரிவுகளில் படிந்து, காட்டின் கீழ் நீண்ட காலம் சிதைவுற்று உருவாகும் மண் ஆகும். மண்ணியலில் இவ்வகை மண் பெரும்பாலும் ஆண்டோசோல் அல்லது ஆண்டிசோல் என்னும் பெயரால் அழைக்கப்படுகின்றது. எடை குறைவாக இருத்தல், நீரை மிகுதியாகத் தேக்கி வைத்தல், மட்குச் செறிவு, பாஸ்பேட்டை இறுகப் பற்றுதல் ஆகியன இதன் முதன்மைப் பண்புகள். செங்குத்தான சரிவுகளில் அடர்ந்த காடுகள் வளர்வதற்குத் துணை செய்யும் இப்பண்புகளே, கனமழையின்போதும் நிலநடுக்கத்தின்போதும் அச்சரிவுகள் பெயர்ந்து விழுவதற்கும் காரணமாகின்றன.

பெயர்

ஆண்டோ என்னும் சொல் சப்பானிய மொழியில் இருண்ட மண் எனப் பொருள்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சப்பானில் மண் அளவாய்வு மேற்கொண்ட அமெரிக்க மண்ணியலாளர்கள் 1947 ஆம் ஆண்டளவில் இச்சொல்லை அறிவியல் வழக்கிற்குக் கொண்டு வந்தனர். சப்பானிய உழவர்கள் இம்மண்ணைக் குரோபொக்கு என்பர். இது அதன் கருநிறத்தையும், மிதித்தால் அமுங்கும் பொலபொலப்பையும் குறிக்கும் பெயராகும்.

உருவாக்கம்

எரிமலை வெடிக்கும்போது உருகிய பாறைக் குழம்பு காற்றில் மிக விரைவாகக் குளிர்கின்றது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாவதற்குப் போதிய நேரம் இல்லாமையால், சாம்பலின் பெரும்பகுதி எரிமலைக் கண்ணாடியாக அமைகின்றது. படிகக் கனிமங்களைவிடக் கண்ணாடி நீரில் விரைவாகச் சிதையும். அதிலிருந்து வெளிப்படும் அலுமினியம், சிலிக்கன், இரும்பு ஆகியவை ஒன்றிணைந்து, நெடுந்தொலைவு ஒழுங்கமைப்பு இல்லாத நுண்ணிய கனிமங்களாகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

அலோபேன்: ஏறத்தாழ 3.5 முதல் 5 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற கோளங்கள்.

இமோகோலைட்டு: ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்கள். சப்பானின் கியூசூத் தீவின் சாம்பல் மண்ணிலிருந்து 1962 இல் யோசினாகா, அவோமினே ஆகியோரால் முதலில் விவரிக்கப்பட்டது.

பெரிஹைட்ரைட்டு: செம்பழுப்பு நிறமுடைய நுண்ணிய இரும்புக் கனிமம்.

எந்தக் கனிமம் உருவாகும் என்பதை மழையும் அமிலத்தன்மையும் முடிவு செய்கின்றன. மண்ணின் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) 5 க்கு மேல் இருந்தால் அலோபேன் உருவாகும் வாய்ப்பு மிகுதி. அதற்குக் கீழே, அலுமினியம் சிலிக்கனுடன் சேராமல் மட்குடன் பிணைந்து விடுகின்றது. மழை குறைந்த, நன்கு உலரும் பருவம் உள்ள இடங்களில் சிலிக்கன் கழுவப்படாமல் தங்குவதால் ஹேலோய்சைட்டு என்னும் களிமண் கனிமம் தோன்றும். எனவே ஒரே எரிமலையின் ஒரே சாம்பல், குளிர்ந்த மழைமிகு மேற்சரிவில் ஒரு மண்ணாகவும், வறண்ட அடிவாரத்தில் வேறொரு மண்ணாகவும் மாறக்கூடும்.

பெரும்பாலான மண் மேலிருந்து கீழ்நோக்கி ஆழமாகின்றது. சாம்பல் மண்ணோ மேல்நோக்கியும் வளர்கின்றது. ஒவ்வொரு வெடிப்பும் பழைய மண்ணின்மீது புதிய படிவை இடுவதால், வெட்டுமுகத்தில் பல புதையுண்ட மண் அடுக்குகளைக் காண இயலும்.

இயற்பியல் பண்புகள்

குறைந்த அடர்த்தி: துளைகளையும் சேர்த்துக் கணக்கிடப்படும் உலர்மண்ணின் அடர்த்தி பரும அடர்த்தி எனப்படும். சாதாரண மண்ணில் இது ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.6 கிராம் வரை இருக்கும். நன்கு வளர்ச்சியடைந்த சாம்பல் மண்ணில் 0.9 கிராமுக்கு மிகாது. கனிமத் துகளின் அடர்த்தியை 2.6 கிராம் எனக் கொண்டால், இம்மண்ணின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு துளைகளே என்பது பெறப்படும். வேர்கள் இதில் தடையின்றிப் பரவுகின்றன.

நீர்ப்பிடிப்பு: பெரிய துளைகள் மழைநீரை உடனே உட்செலுத்துகின்றன, நுண்துளைகள் அதனைப் பிடித்து வைக்கின்றன. மிகுந்த மழை பெறும் சரிவுகளில் உள்ள சில மண்களில், நீரின் எடை உலர்ந்த மண்ணின் எடையையும் விஞ்சும். எனினும் மிக நுண்ணிய துளைகளில் உள்ள நீரை வேர்களால் உறிஞ்ச இயலாது.

மீளா உலர்வு: அலோபேன் மிகுந்த மண் ஒருமுறை முற்றாக உலர்ந்தால், நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணல் போன்ற கட்டிகளாகி விடும். மீண்டும் நனைத்தாலும் பழைய நீர்ப்பிடிப்புத் திறன் திரும்புவதில்லை. காடு அழிக்கப்பட்டு மண் வெயிலுக்கு வெளிப்படும்போது இவ்விழப்பு நேர்கின்றது.

அசைவில் இளகுதல்: ஈரமான மண்ணை விரல்களுக்கிடையே அழுத்தினால் முதலில் திடமாகத் தோன்றி, பின்னர் திடீரென வழுக்கி நீர் கசியும். அசையாது விட்டால் மீண்டும் இறுகும். பண்ணையிலும் காட்டிலும் கனரக வண்டிகள் புதைவதற்கு இப்பண்பே காரணம்.

வேதியியல் பண்புகள்

அலோபேன், இரும்புக் கனிமங்கள், மட்குடன் பிணைந்த அலுமினியம் ஆகியவை பாஸ்பேட்டை வலுவாகப் பற்றிக் கொள்கின்றன. காட்டில் இது பெரிய குறையாக வெளிப்படுவதில்லை. உதிர்ந்த இலைகளிலிருந்து வெளிப்படும் பாஸ்பரசை மேல்மண்ணில் பரவியிருக்கும் வேர்களும், அவற்றோடு இணைந்து வாழும் பூஞ்சைகளும் உடனுக்குடன் மீட்டுக் கொள்கின்றன. காட்டை அழித்துப் பயிரிடும்போது இச்சுழற்சி அறுபடுகின்றது. இட்ட பாஸ்பேட்டு உரத்தின் பெரும்பகுதி மண்ணிலேயே சிக்கிக் கொள்கின்றது.

அலுமினியத்துடன் பிணைந்த மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை. ஆதலால் இம்மண்ணில் கரிமம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்க வல்லது. உலக நிலப்பரப்பில் 1 விழுக்காட்டிற்கும் குறைவாகவே பரவியிருப்பினும், உலக மண் கரிமத்தில் இதன் பங்கு அப்பரப்பின் விகிதத்தைக் காட்டிலும் மிகுதி.

நிறத்தைத் தாவரங்களும் தீர்மானிக்கின்றன. சப்பானில் அடிக்கடி தீயிடப்பட்ட புல்வெளிகளின் கீழ் மிகக் கரிய மேல்மண்ணும், காடுகளின் கீழ் பழுப்பு நிற மேல்மண்ணும் காணப்படுகின்றன. ஆகவே, இன்று காடாக உள்ள இடத்தில் கருமண் இருப்பின், அங்கு முன்னர் புல்வெளி இருந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

களச் சோதனை: பினாப்தலீன் தோய்த்த வடிதாளில் சிறிது மண்ணை வைத்துச் சோடியம் புளோரைடு கரைசலை ஒரு துளி இட்டால், அலோபேன் உள்ள மண் தாளைச் சிவக்கச் செய்யும். புளோரைடு, அலுமினியத்துடன் இணைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை வெளியேற்றிக் கரைசலைக் காரமாக்குவதே இதற்குக் காரணம். 1966 இல் நியூசிலாந்தின் பீல்ட்சு, பெரட் ஆகியோர் இச்சோதனையை வெளியிட்டனர். சுண்ணாம்பு உள்ள மண்ணும் இதே நிறத்தைத் தரக்கூடுமாதலால், ஆய்வகச் சோதனையும் தேவைப்படும்.

வகைப்பாடு

அமெரிக்க மண் வகைப்பாட்டில் இம்மண் முதலில் இன்செப்டிசோல் தொகுதியின் ஓர் உட்பிரிவாகவே இருந்தது. இதனைத் தனித் தொகுதியாக்க வேண்டும் என 1978 இல் கை சிமித் முன்மொழிந்தார். பன்னாட்டுக் குழு ஒன்றின் ஆய்வுக்குப் பின்னர், 1990 இல் ஆண்டிசோல் பதினோராவது தொகுதியாகச் சேர்க்கப்பட்டது.

இத்தொகுதியில் சேர்வதற்கு ஆண்டிக் பண்புகள் தேவை. முழு வளர்ச்சியடைந்த மண்ணிற்கான அளவுகள் இவை: பரும அடர்த்தி 0.9 அல்லது அதற்குக் குறைவு. பாஸ்பேட்டுப் பிடிப்பு 85 விழுக்காடு அல்லது அதற்கு மேல். அமில ஆக்சலேட்டுக் கரைசலில் கரையும் அலுமினியத்துடன் இரும்பின் பாதியைக் கூட்டினால் 2 விழுக்காடு அல்லது அதற்கு மேல். கண்ணாடி இன்னும் மிகுதியாக எஞ்சியுள்ள இளம் மண்ணிற்குத் தளர்வான அளவுகள் தனியே உள்ளன.

ஆண்டிசோலின் 8 உட்தொகுதிகள்:

அக்குவாண்டு: நீர் தேங்கி நிற்கும் மண்.
ஜெலாண்டு: ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியசு அல்லது அதற்குக் கீழ் உள்ள மண்.
கிரையாண்டு: குளிர்ந்த உயர்மலைகளின் மண்.
டொராண்டு: வறண்ட பகுதிகளின் மண்.
செராண்டு: ஈரமான குளிர்காலமும் வறண்ட கோடையும் உள்ள பகுதிகளின் மண்.
விட்ராண்டு: கண்ணாடி மிகுந்த, நீர்ப்பிடிப்புக் குறைந்த இளம் மண்.
உஸ்டாண்டு: பருவ வறட்சி உள்ள பகுதிகளின் மண்.
யூடாண்டு: ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக உள்ள பகுதிகளின் மண்.

உலக மண் வளங்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில் இம்மண் ஆண்டோசோல் எனப்படும். அதில் அலோபேன் மேலோங்கிய மண் சிலாண்டிக் எனவும், மட்கு-அலுமினியப் பிணைப்பு மேலோங்கிய மண் அலுவாண்டிக் எனவும் பிரிக்கப்படுகின்றன. பின்னது அமிலத்தன்மை மிகுந்தது; பயிர்களுக்கு அலுமினிய நச்சுத்தன்மை ஏற்படும் வாய்ப்பு இதில் கூடுதல்.

சாம்பல் இல்லாத ஆண்டிக் மண்

மேற்கூறிய வரையறைகள் மண்ணின் பிறப்பிடத்தை அன்றி அதன் பண்புகளையே அளக்கின்றன. இதன் விளைவு தமிழ்நாட்டிலேயே காணப்படுகின்றது. நீலகிரி எரிமலை அன்று. அதன் அடிப்பாறை சார்னோக்கைட்டு. ஆயினும் அதன் குளிர்ந்த உயர்பகுதிகளில் ஆண்டிக் பண்புகள் கொண்ட, அலோபேன் அற்ற மண் இருப்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. நெடுங்காலம் சிதைந்த பாறையில் எஞ்சிய அலுமினியமும் இரும்பும், குளிர்ந்த ஈரச் சூழலில் சேர்ந்த மட்குடன் பிணைந்ததால் இம்மண் உருவானது. எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய மண் அனைத்தும் ஆண்டிசோல் ஆவதில்லை. ஆண்டிசோல் அனைத்தும் சாம்பலிலிருந்து தோன்றியவையும் அல்ல.

பரவல்

இம்மண் உலகில் ஏறத்தாழ 11 கோடி எக்டேர் பரப்பில் உள்ளது. சப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்சு, நியூசிலாந்து, அவாய், ஆந்தீசு மலைத்தொடர், நடு அமெரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, இத்தாலி ஆகியவை முக்கிய இடங்கள். சப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு இம்மண்ணே.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் காடுகள் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓரிகனில் மசாமா எரிமலை வெடித்துச் சரிந்து, இன்றைய கிரேட்டர் ஏரிக்கு இடம் தந்தது. அதன் சாம்பல் காற்றோடு சென்று வாசிங்டன், ஐடகோ, மொன்டானா மலைகளில் படிந்தது. மழை மிகக் குறைந்த கோடையில், இப்படலம் சேமித்த பனி உருகிய நீரே மரங்களுக்கு உதவுகின்றது. வெட்டுமரம் இழுக்கும் இயந்திரங்கள் இப்படலத்தை நசுக்கினால், இழந்த துளைகள் மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அரித்துச் செல்லப்பட்ட சாம்பலோ மற்றொரு வெடிப்பு நிகழ்ந்தாலன்றி மீளாது.

நிலச்சரிவு

சரிவில் உள்ள சாம்பல் அடுக்குகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. நுண்சாம்பலுக்கிடையே பருத்த நுரைக்கல் அடுக்கு இருந்தால், நீர் கீழிறங்குவது தடைப்பட்டு ஓரிடத்தில் தேங்கும். களிமண்ணாக மாறிய அடுக்கு வழுக்குதளமாகும். உலர்ந்த அல்லது மிதமான ஈர நிலையில் நுண்துளை நீரின் இழுவிசை மண்ணைச் சரிவில் பிடித்து வைக்கின்றது. துளைகள் நிரம்பியதும் அவ்விசை மறைந்து, மண் சேறாகப் பாய்கின்றது.

1998 மே 5 அன்று இத்தாலியின் சார்னோ பகுதியில், வெசுவியசு உள்ளிட்ட எரிமலைகளின் சாம்பல் மூடிய சுண்ணக்கல் மலைகளிலிருந்து, தொடர்மழைக்குப் பின் சேற்றுப் பெருக்குகள் இறங்கின. ஏறத்தாழ 160 பேர் உயிரிழந்தனர். அச்சாம்பல் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் சில மீட்டர்களுக்கு உட்பட்டதே.

2018 செப்டம்பர் 6 அன்று சப்பானின் ஒக்கைடோவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், அட்சுமா நகரைச் சுற்றிய காட்டுக் குன்றுகளில் ஆயிரக்கணக்கான சரிவுகள் நிகழ்ந்தன. அந்நகரில் 36 பேர் இறந்தனர். மரங்கள் நின்ற நிலையிலேயே மண்ணோடு நகர்ந்தன. தருமே எரிமலையின் பழைய நுரைக்கல் படிவில் ஹேலோய்சைட்டாக மாறிய மென்மையான அடுக்கு, வேர்கள் பெரும்பாலும் எட்டாத ஆழத்தில் வழுக்குதளமாக அமைந்தது.

காடு மேல்மண்ணைப் பிணைக்கின்றது, உலராமல் காக்கின்றது, அரிப்பைத் தடுக்கின்றது. ஆனால் வேர்களுக்குக் கீழே உள்ள அடுக்கை அதனால் பிடித்து வைக்க இயலாது. எனவே சாம்பல் மூடிய மலைகளின் அடிவாரத்தில் குடியிருப்புகளுக்கு இடம் தேர்வதற்கு, மரங்களின் அடர்த்தியைப் பார்ப்பது மட்டும் போதாது. அடுக்குகளின் வரிசை, தடிப்பு, கனிமம், நீர் வடியும் பாதை ஆகியவற்றை வெட்டுமுகத்தில் ஆராய்வதும் இன்றியமையாதது.