புத்தகத்துடன் மலையேறும் பிள்ளைகள்

பாடசாலைப் பிள்ளைகள் மலைக்குப் போகிறார்கள் என்றால், பாடத்துக்கு விடுமுறை என்றே நம் பெற்றோர் பொருள் கொள்வர். புளியோதரை மூட்டையும், வாடகைப் பஸ்ஸும், திரும்பி வந்த பின் எழுதவேண்டிய ‘நான் கண்ட காட்சி’ என்ற வியாசமும் சேர்ந்ததே நாம் அறிந்த உல்லாசப் பிரயாணம். ஐக்கிய அமெரிக்காவில் சில பாடசாலைகள் இதற்கு நேர்மாறான முறையொன்றைக் கையாண்டு வருகின்றன. 16, 17 வயதுள்ள மாணவ மாணவிகள் ஓர் அரையாண்டுப் பருவத்துக்குத் தங்கள் சொந்தப் பள்ளியை விட்டு வந்து, வாரக்கணக்கில் காட்டிலும் மலையிலும் நடந்து, கூடாரத்தில் உறங்குகின்றனர். பாடமோ நிற்பதில்லை. புத்தகமும் உபாத்தியாயரும் அவர்களுடன் மலையேறுகின்றனர். இம்முறையில் மனமாரப் போற்றத்தக்க அம்சம் ஒன்றும், கேள்வி கேட்டே தீரவேண்டிய அம்சம் ஒன்றும் இருப்பதாக நாம் கருதுகிறோம்.

கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு சிற்றூர் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருப்பது. 1870-களின் இறுதியில் வெள்ளி கிடைத்ததனால் திடீரென்று பெருத்து, 1893-இல் வெள்ளியின் விலை வீழ்ந்ததும் இளைத்துப்போன ஊர். அதன் அருகே 1995-இல் ஸ்தாபிக்கப்பட்ட ‘ஹை மௌண்டன் இன்ஸ்டிடியூட்’ 1998 முதல் இத்தகைய பருவக் கல்வியை நடத்திவருகிறது. சுமார் நான்கு மாத காலத்தில் பல வாரங்கள் கொலராடோ மலைகளிலும், அண்டை மாநிலமான யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளிலும் கழிகின்றன. மற்ற நாட்களில் கணிதம், சரித்திரம், இலக்கியம், விஞ்ஞானம் யாவும் வகுப்பறையில் நடக்கும். பருவம் முடிந்ததும் பிள்ளைகள் தத்தம் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி, சகமாணவருடன் சமமாகத் தொடர்ந்து படிக்க வேண்டும். ஆதலின் காட்டில் நடந்த களைப்பைக் காரணம் காட்டிப் பாடத்தைக் குறைத்துவிட முடியாது.

வரைபடம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காந்த ஊசி காட்டும் வடக்கு வேறு. பூமியின் மெய்யான வடக்கு வேறு. கொலராடோவில் ஊசி சுமார் 8 பாகை கிழக்கே விலகி நிற்கிறது. நகரத்து மாணவன் இதைப் பரீட்சையில் மறந்தால் ஒரு மார்க் போகும். மலையில் மறந்தவன் ஒரு மைல் நடந்து முடிப்பதற்குள், சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 740 அடி விலகிவிடுவான். நடுவில் ஒரு பள்ளம் குறுக்கிட்டால், அந்த 740 அடி அரைநாள் அலைச்சலாகிவிடும். திரிகோண கணிதம் எதற்கு உபயோகம் என்று அவன் அப்புறம் கேட்கமாட்டான்.

சமையலும் அப்படியே. லெட்வில் உயரத்தில் தண்ணீர் 100 பாகைவரை சூடேறுவதில்லை. ஏறக்குறைய 90 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நெருப்பிட்டாலும் அதற்குமேல் சூடு ஏறாது, பருப்பு வேகாது. ஆகாயத்தின் அழுத்தத்தைப் பற்றிப் பசியோடு உட்கார்ந்து கேட்கும் பிரசங்கம் எளிதில் மறக்காது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

குளிர்காலப் பிரயாணமே எல்லாவற்றிலும் கடினமானது. சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிச் செல்லும் பிள்ளைகள், பனியைக் குவித்துக் குடைந்து, அந்தக் குகைக்குள் படுக்கின்றனர். கொலராடோ மலைகளில் பனிச்சரிவுக்குப் பலியானோர் பலர். பருவத் தொடக்கத்தில் விழும் பனி அங்கே மெல்லியது. கீழே தரையின் வெதுவெதுப்பும் மேலே கடுங்குளிரும் அதனுள் மோதுவதால், அடியிலுள்ள துகள்கள் சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடுகின்றன. பின்னர் அதன்மேல் கனத்த பனி படியுமானால், மணல்மேல் வைத்த பலகைபோல் எந்நேரமும் வழுக்கத் தயாராயிருக்கும். இவ்விதமான சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வுள்ள இடங்களிலேயே நேருகின்றன. ஆகவே பனியில் குழி வெட்டி அடுக்குகளைத் தடவிப் பார்க்கவும், கருவி கொண்டு சாய்வை அளக்கவும் கற்றபிறகே அவ்விடங்களில் நடமாட வேண்டும். பௌதிகம், கணிதம், விவேகம் என்று இவற்றைத் தனித்தனிப் பீரியடுகளாகப் பிரிக்க அங்கே வழியில்லை. குறுக்கு விசாரணையில் நிற்காத சாட்சியத்துக்கு நியாயஸ்தலத்தில் மதிப்பில்லை. நம் பிள்ளைகள் பரீட்சைக் காகிதத்தில் எழுதும் விடைகளில் எத்தனை அவ்விதம் நிற்கும் என்று யோசிக்கையில் நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

இம்முறையின் மூலபுருஷர் என்று கர்ட் ஹான் என்ற ஜெர்மன் உபாத்தியாயரைச் சொல்லலாம். 1932-இல் ஒரு தொழிலாளியைக் கொன்ற நாஜிகளை ஹிட்லர் பகிரங்கமாக ஆதரித்தபோது, ஹான் தமது ஸாலெம் பள்ளியின் பழைய மாணவருக்கு, ஹிட்லர் உறவையோ பள்ளி உறவையோ இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று எழுதினார். 1933-இல் சிறைப்பட்டார், விடுதலையாகி பிரிட்டன் சேர்ந்து, மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். 1941-இல் வேல்ஸ் கரையிலுள்ள அபர்டோவியில், கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டின் ஆதரவுடன் அவர் ஆரம்பித்ததே ‘அவுட்வர்ட் பவுண்ட்’. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலை மாலுமிகள் அப்படிச் சொல்வர். குண்டுபட்டு மூழ்கும் கப்பல்களிலிருந்து தப்பிப் பிழைக்க இளம் மாலுமிகளுக்குத் திராணி வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். அந்த இயக்கம் 1960-களின் தொடக்கத்தில் கொலராடோவுக்கு வந்தது. அங்கே பணியாற்றிய பால் பெட்ஸோல்ட் 1965-இல் வயோமிங்கில் காட்டுப் பயணத் தலைமையைக் கற்பிக்கத் தனி ஸ்தாபனம் கண்டார். 1984-இல் வெர்மாண்டில் ‘மௌண்டன் ஸ்கூல்’ அரையாண்டுப் பள்ளி என்ற அமைப்புக்கு வழிகாட்டியது. லெட்வில் இவ்விரண்டு மரபுகளின் சந்ததி.

ஆபத்து உண்டு என்பர் சிலர். உண்டுதான், இவ்வித ஸ்தாபனங்களின் சரித்திரத்தில் இளைஞர் மாண்ட துக்கங்களும் உள்ளன. பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்ற ஆட்சேபம் அதைவிட வலுவானது. உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். எனினும் உயர்தர விடுதிப் பள்ளிக்குரிய கட்டணமே அடிப்படை. மாலுமிச் சிறுவர்களுக்காகத் தோன்றிய பயிற்சி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பேறாக மாறியதை ஹோல்ட் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அது பள்ளியைவிட, பள்ளி நடக்கும் நிலத்துக்கு இட்ட பெயரையே சாரும். 1964-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டுமே உள்ள இடத்தை ‘வனாந்தரம்’ என்று வரையறுத்து, முதலில் சுமார் 91 லட்சம் ஏக்கரைப் பாதுகாத்தது. நல்ல சட்டமே, அதனால் எத்தனையோ காடு பிழைத்தது. ஆனால் அங்கே மனிதன் எப்போது விருந்தாளியானான்? லெட்வில் சுற்றிலும் யூட் ஜனங்களின் பூமி. வெள்ளி கிடைத்த சில வருஷங்களுக்குள், 1881-இல், கொலராடோ யூட்களில் பெரும் பகுதியினரைப் பட்டாளம் யூட்டாவுக்குத் துரத்திவிட்டது. யூட்டா என்ற பெயரே அவர்களுடையது. குடியிருந்தவரை வெளியேற்றிவிட்டு, குடியில்லாத நிலம் என்று பத்திரம் எழுதுவது எப்படிப்பட்ட காரியம் என்பதை, அன்னியர் ஆட்சியை அனுபவித்த நாம் விளக்க வேண்டியதில்லை.

லெட்வில் பள்ளியில் இயற்கையைப் பற்றிய தர்ம விசாரம் ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. அதற்கு உரிய பாடப் புத்தகம் காலடியிலேயே கிடக்கிறது. யூட்டாவின் தென்கிழக்கில், புராதனக் குடிகளின் கல்வீடுகள் பாறை விளிம்புகளில் இன்றும் நிற்கும் ‘பேர்ஸ் இயர்ஸ்’ என்ற பிரதேசத்தை, ஹோபி, நவஹோ, ஸுனி ஜனங்களும் இரண்டு யூட் கூட்டத்தாரும் சேர்ந்து கேட்டதன் பேரில், ஜனாதிபதி ஒபாமா 2016 டிசம்பரில் 13.5 லட்சம் ஏக்கர் பரப்புள்ள தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். 2017-இல் டிரம்ப் அதில் சுமார் 85 சதவீதத்தைக் குறைத்தார். 2021-இல் பைடன் திரும்பச் சேர்த்தார். மூன்று பிரகடனங்களும் 1906-ஆம் வருஷத்து ஒரே சட்டத்தைச் சொல்லியே பிறப்பிக்கப்பட்டவை. அவற்றை அந்தப் பாறை விளிம்பில் உட்கார்ந்து, ஹோபி அல்லது யூட் முதியவர் ஒருவர் பக்கத்திலிருக்க, 16 வயதுப் பிள்ளை வாசிக்கட்டும். முதியவருக்குக் கட்டணத்திலிருந்து சம்பளம் கொடுப்பதும் நியாயமே.