பட்டை வந்தால் போதுமா?

போன எபிசோடில் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிக் கதைக்கும்போது "கிளீவ்ட் காஸ்பேஸ்-3 அன்ரிபொடி" என்று நான் ஏழெட்டுத் தரம் சொல்லியிருக்கிறன் போல. "அண்ணா, அது என்னெண்டு சொல்லாமலே போயிட்டீங்கள்" என்று உங்களில் ரெண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சரியான முறைப்பாடு. அதை இங்கே எழுதுறன். நான் வெட்கப்பட்ட கதை ஒன்றும் இதுக்குள்ள இருக்கு.

செல் என்று நாங்கள் சொல்வதை எங்கட அம்மா அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தார்கள். ஒரு கலம் அடிபட்டு, வெடித்துச் சாகலாம். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைத் தானே துண்டு துண்டாக வெட்டி, அயலுக்குத் தொந்தரவில்லாமல் போய்ச் சேரலாம். வெயிலில் எரிந்த தோலில் கனக்கக் கலங்கள் இந்த இரண்டாவது வழியில்தான் சாகின்றன. 1972 இல் கெர், வைலி, கரி என்ற மூன்று பேர் இதற்கு அப்பொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த வெட்டுக்கொத்து வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் நொதியம் காஸ்பேஸ்-3.

இந்த நொதியம் உயிரோடு இருக்கிற கலத்திலும் இருக்கும், ஆனால் சும்மா இருக்கும். சாகச் சொல்லிக் கட்டளை வந்ததும் வேறொரு காஸ்பேஸ் வந்து, 175 ஆவது அமினோ அமிலத்துக்குப் பிறகு இதை வெட்டும். வெட்டுப்பட்டால்தான் இது வேலையைத் தொடங்கும். ஆகவே "காஸ்பேஸ்-3 இருக்கா?" என்று கேட்டுப் பிரயோசனமில்லை. வெட்டுப்பட்டது இருக்கா என்று கேட்க வேணும்.

அதுக்குத்தான் அந்த அன்ரிபொடி. முழுத் தேங்காயில் வெள்ளை தெரியாது, உடைச்சால்தான் தெரியும். அதுபோல, வெட்டுப்பட்ட பிறகு மட்டும் வெளியே வருகிற ஒரு முனை காஸ்பேஸ்-3 இல் இருக்கு. அந்த முனையின் பிரதியாக ஒரு சின்னத் துண்டை ஆய்வுகூடத்தில் செய்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் உடம்பு அதுக்கு எதிராக அன்ரிபொடிகளை உண்டாக்கும். அந்த முனையில் ஒட்டுகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்து, சுண்டுவிரல் அளவு போத்தலில் விற்பார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

பாவிக்கிற விதம் இதுதான்: கலங்களை உடைத்து, புரதங்களை ஒரு ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிட்டு அளவுப்படி பிரித்து, ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, அன்ரிபொடியில் ஊறவைப்பது. ஒட்டின இடத்தில் பட்டை தெரியும். முழுக் காஸ்பேஸ்-3 ஏறக்குறைய 35 கிலோடால்ரன். இந்த அன்ரிபொடி பிடிக்கிற வெட்டுத்துண்டு 19 இலும் 17 இலும் வரும்.

இப்ப என்ர கதை. மாஸ்ரேர்ஸ் செய்யும்போது எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்க் கலங்களுக்கு ஒரு மருந்து போட்டுப் பார்த்தனான். 19 க்குக் கிட்ட வடிவான பட்டை. மூன்று தரம் செய்தும் அதேதான். மருந்து வேலை செய்யுது என்று படத்தோடு லாப் கூட்டத்தில் போய் நின்றன். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இது எம்.சி.எஃப்-7 தானே?"

விஷயம் என்னெண்டா, அந்தக் கலங்களில் காஸ்பேஸ்-3 இல்லவே இல்லை. அதன் மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டுப் போனதால் அந்தப் புரதம் உருவாகாது. 1998 இல் வெளிவந்த செய்தி. இல்லாத ஆளை நான் மூன்று தரம் படம் எடுத்திருக்கிறன்.

அது காஸ்பேஸ்-7 ஆக இருந்திருக்கலாம். எம்.சி.எஃப்-7 இல் அது இருக்கு. அதன் வெட்டுத்துண்டு 20 அளவில் வரும், வெட்டு முனையும் கிட்டத்தட்ட அதே எழுத்துகள். உடைச்ச தேங்காய் எல்லாம் ஒரே மாதிரித்தானே! போத்தலோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விற்றவர்களுக்கு எழுதினன், வேறு போத்தல் அனுப்பினார்கள். அதிலும் அதே பட்டை.

என்னைவிடப் பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கு. பழ ஈக்களில் சாகிற கலங்களைக் காட்ட, மனிதக் காஸ்பேஸ்-3 க்கென்று செய்த இதே மாதிரி அன்ரிபொடியைப் பல வருஷம் பாவித்தார்கள். ஈயில் அதுக்குச் சமனான டிரைஸ், டிசிபி-1 என்ற இரண்டு புரதங்களில்தான் ஒட்டுது என்று நம்பிக்கை. 2010 இல் ஃபான், பேர்க்மன் என்ற இருவர் அந்த ரெண்டு மரபணுவும் இல்லாத ஈக்களில் போட்டுப் பார்த்தார்கள். அப்பவும் ஒளிர்ந்தது! ஒளி அணைய வேணுமென்றால், மேலிருந்து கட்டளை கொடுக்கிற டிரோங்க் என்ற இன்னொரு காஸ்பேஸை எடுக்க வேண்டியிருந்தது. அதாவது டிரோங்க் வேலை செய்கிறது என்பதைத்தான் அன்ரிபொடி காட்டியது. பழைய படங்கள் பொய்யில்லை. அவற்றுக்குக் கீழே எழுதின விளக்கத்தைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

என்ர படங்களை பேராசிரியர் எறிய விடேல்லை. பிறகு எங்கட லாப்பில் புதுப் போத்தல் வந்தால், மருந்து போட்ட எம்.சி.எஃப்-7 ஐத்தான் முதலில் ஓடவிடுவோம். பக்கத்தில், காஸ்பேஸ்-3 மரபணுவைத் திருப்பி வைத்த அதே கலங்கள். மருந்து இரண்டுக்கும் போட வேணும், இல்லாவிட்டால் வெட்டே நடக்காது, வெறுமையாக வந்தாலும் அர்த்தமில்லை. முதல் வரிசை வெறுமையாகவும் இரண்டாவதில் பட்டையும் வந்தால் போத்தல் ஃபிரீசருக்குள் போகும். நான் இருந்த காலத்தில் மூன்று போத்தல் திரும்பிப் போனது.