மாஸ்க் இல்லாம கடலுக்கு அடியில!

லீவு விட்டாச்சு. 'அந்தமான் போகலாம்ப்பா... போட்ல தீவு தீவா சுத்தலாம், மாஸ்க் மாட்டிக்கிட்டு பவளப்பாறை பார்க்கலாம்'னு வீட்டுல மெதுவா பிட்டைப் போட்டிருப்பீங்க. அப்பா பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமலே, 'நாலு பேருக்கு டிக்கெட் எவ்வளவுனு தெரியுமா?'னு கேட்டிருப்பார். அவ்ளோதான், மேட்டர் ஓவர்!

கவலையை விடுங்க பாஸ். பஸ் டிக்கெட் காசுல ஒரு கடலோட தரைக்கே குடும்பத்தோட போய் வரலாம். இடம்: பெரம்பலூர், அரியலூர்!

சிரிக்காதீங்க. இன்னிக்கு இங்கேர்ந்து கடற்கரைக்கு 80, 100 கிலோமீட்டர் போகணும். ஆனா, சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல் இங்கேதான் அலையடிச்சது. அப்போ இந்தியா ஆசியாவோடு ஒட்டவே இல்லை. தெற்கே இருந்து மெல்ல நகர்ந்து வந்துட்டிருந்த நிலம் அது. அந்தக் கடல் பல தடவை ஏறி இறங்கி, விட்டுப்போன சேறும் சிப்பியும்தான் இன்னிக்குப் பாறையா கிடக்குது.

முதல்ல காரை கிராமத்துக்குப் போங்க. செம்மண்ணும் களிமண்ணுமா மழை அரிச்சுவிட்ட பள்ளத்தாக்குகள். நடுவுல ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். குனிஞ்சு பார்த்தா, சுருட்டி வெச்ச முறுக்கு மாதிரி அம்மோனைட் தடம். நத்தைனு நினைச்சுடாதீங்க, கணவாய் மீனுக்குச் சொந்தக்காரர்! 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி டைனோசர்களோட சேர்ந்து இந்த வம்சமும் காலி. 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையா கல் கிடைச்சதும் 'டைனோசர் முட்டை'னு ஊரே பரபரத்தது. கடைசியில அது கடல் படிவு உருண்டைனு நிபுணர்கள் சொல்லிட்டாங்க!

அடுத்து சாத்தனூர். 18 மீட்டருக்கு மேல நீளமா ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கு. ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு வந்து கடல்ல சேர்த்து, மணல் மூடினது. 1940-ல் புவியியல் ஆய்வாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் கண்டார். வயசு 12 கோடி வருஷம்னு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சொல்லுது. தாத்தாவைக் கூட்டிப் போனா, 'நம்மைவிட மூத்தவர்டா'னு கும்பிடு போடுவார்!

ஜாலியெல்லாம் சரி, இப்போ கொஞ்சம் சீரியஸ்.

கல்லங்குறிச்சி பக்கம் சிப்பிகள் அடுக்கடுக்கா படிஞ்ச பாறை இருக்கு. சுண்ணாம்புக் கல். அதை வெட்டித்தான் சிமென்ட். உங்க வீட்டுச் சுவர்லகூட அந்தச் சிப்பி இருக்கலாம்! சுரங்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுது. அது தோண்டுறதாலதான் பல புதைபடிவங்கள் வெளியவே வந்துச்சு. ஆனா, யாரும் பார்த்துக் குறிச்சு வைக்கிறதுக்குள்ள அரவைக்குப் போனா போனதுதான்.

இதே கதை உயிரோட இருக்கிற கடல்லயும் நடந்திருக்கு. மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவுகள். சுத்தி 117 வகைப் பவளங்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும்னு பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுக்க ஆள் இல்லாம பூவரசன்பட்டி, விலாங்குசல்லினு ரெண்டு தீவுகள் தண்ணிக்குள்ள போயே போச்சு. 1986-ல் தேசியப் பூங்கா வந்துச்சு. 2001-ல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைச்சுது. ஆனா, 2010, 2016-னு கடல் சூடாகி பவளங்கள் வெளுத்தப்போ எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியலை. அந்தமான் ஆசை நிறைவேறுற அன்னிக்கு, பார்க்கப் பவளம் இருக்கணுமில்லையா?

அதனால காரைக்குக் கிளம்புற மக்களுக்குச் சில டிப்ஸ்: காலையிலேயே போயிடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் வறுத்துடும். தொப்பி, தண்ணி, நல்ல ஷூ கட்டாயம். மழை பெய்ஞ்ச மறுநாள் வேண்டாம், களிமண் வழுக்கும். அனுமதி இல்லாம சுரங்கத்துக்குள்ள இறங்காதீங்க. புரியாததை வாரணவாசியில இருக்கிற அருங்காட்சியகத்துல பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்.

முக்கியமா, தங்கச்சி ஒரு கல்லைப் பையில போடப் பார்த்தா தடுங்க. எந்த இடத்துல, எந்த அடுக்குல கிடந்துச்சுங்கிறதுதான் அந்தக் கல்லோட முகவரி. ஷோகேஸுக்கு வந்துட்டா அது வெறும் கல். போட்டோ எடுங்க, கல்லை இருந்த இடத்துலயே விட்டுடுங்க. பத்து கோடி வருஷம் காத்திருந்தது, உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்காகவும் காத்திருக்கட்டுமே!