லைப்ரரி எங்கிருந்து வர வேண்டும்?

சி++ மொழியில் எழுதப்படும் பெரிய மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. படங்களைத் திறக்க ஒரு லைப்ரரி, கோப்புகளைச் சுருக்க இன்னொன்று என்று பிறர் எழுதிய நிரல்களையும் அது நம்பியிருக்கிறது. அவற்றைத் தேடிப்பிடித்துக் கோத்துத் தருபவை பில்ட் கருவிகள். சி++ உலகில் பரவலாகப் புழங்கும் கருவி சிமேக்.

சிமேக்கிடம் இரண்டு வழிகள் உண்டு. ‘ஃபைண்ட் பேக்கேஜ்’ கட்டளை, கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் லைப்ரரியைத் தேடும். 2018இல் 3.11 பதிப்பில் வந்த ‘ஃபெட்ச் கன்டென்ட்’, மூலநிரலை இணையத்திலிருந்து இறக்கி, நம் நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்யும். புதிதாக வருபவருக்கு இது பெரிய வசதி. எதையும் முன்கூட்டி நிறுவ வேண்டியதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. டெபியன் லினக்ஸின் முதன்மைக் களஞ்சியத்துக்கான பேக்கேஜ்கள், பில்ட் நடக்கும்போது இணையத்தை நாடக் கூடாது என்பது விதி. இணையத்தை நம்புவதில் ஆபத்தும் உண்டு. 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல், அம்மொழியின் பேக்கேஜ்களுக்கான பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும், அதைச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களின் பில்ட் நின்றுபோனது. 2021இல் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன் வேறொரு ஓட்டையைக் காட்டினார். நிறுவனங்கள் தமக்குள் மட்டும் வைத்திருந்த பேக்கேஜ்களின் பெயரிலேயே, கூடுதலான பதிப்பு எண்ணுடன், பொதுக் களஞ்சியங்களில் பேக்கேஜ்களை ஏற்றினார். கருவிகள் பெரிய பதிப்பு எண்ணையே தேர்ந்தெடுத்ததால், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளுக்குள் அவை நுழைந்தன.

எனவே தேடுவதா, இறக்குவதா என்ற முடிவு பில்ட் செய்பவரின் கையில் இருக்க வேண்டும். 2022இல் வந்த சிமேக் 3.24 இதற்கு வழி திறந்தது. ‘முதலில் கணினியில் தேடு, இல்லையென்றால் இறக்கு’ என்று திட்டத்தை எழுதியவர் குறித்து வைக்கலாம். பில்ட் செய்பவர் நிரலில் கை வைக்காமலேயே, கட்டளை வரியில் ‘எப்போதும் தேடு’ அல்லது ‘ஒருபோதும் தேடாதே’ என்று அதை மாற்றிவிடலாம். நிறுவனங்கள் எல்லாக் கோரிக்கைகளையும் தங்கள் சொந்தக் களஞ்சியத்துக்கே திருப்பிவிடலாம். பதிவிறக்கத்தை அறவே நிறுத்தி, கையிலுள்ள பிரதியைச் சுட்டிக்காட்டவும் தனி அமைப்புகள் உண்டு.

இறக்கத்தான் வேண்டும் என்றால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 ஹாஷ் என்ற அடையாளக் குறியைச் சேர்த்து எழுதுவது அவசியம். இறங்கிய கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஹாஷ் பொருந்தாது. பில்ட் அங்கேயே நின்றுவிடும்.

இணையம் இல்லாத ஆய்வகம், கண்டிப்பான நிறுவனம், மாணவரின் மடிக்கணினி: ஒவ்வோர் இடத்தின் தேவையும் வேறு. திட்டத்தை எழுதுபவர் ஒரு வழியைப் பரிந்துரைக்கலாம். மற்ற வழிகளை அடைத்துவிடக் கூடாது.